4 அவுன்ஸ் கையுறையை ஏன் எல்லோருக்கும் தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் கடைக்கு முதல்முறை வருபவர்களில் நிறையப் பேர், குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டைக்கான விரல் திறந்த 4 அவுன்ஸ் கையுறையைத்தான் கேட்கிறார்கள். டிவியில் பார்ப்பது அதுதானே. நாங்களோ ஸ்பேரிங்குக்கான, அதாவது பயிற்சிச் சண்டைக்கான, 16 அவுன்ஸ் கையுறையை எடுத்து வைக்கிறோம். "விலை கூடினதைத் தலையில் கட்டுறீங்களா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதோடு அடிக்கடி வரும் இன்னும் மூன்று கேள்விகளுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறோம்.

குத்துபவரின் கை எலும்பைக் காப்பதுதான் 4 அவுன்ஸ் கையுறையின் முக்கிய வேலை. குத்து வாங்குபவரின் தலைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. எதிராளியைப் பிடித்து மடக்க வேண்டுமே என்று விரல்களைத் திறந்து விட்டிருக்கிறார்கள். கண்ணில் விரல் குத்துவதற்கும் அதுவே வழி. போட்டி எப்போதாவதுதான் வரும், ஸ்பேரிங் வாராவாரம் உண்டு. தலையில் விழும் அடிகள் சேர்ந்துகொண்டே போவது அங்கேதான். 16 அவுன்ஸ் போட்டாலும் மூளைக்கு முழுக் காப்பு கிடையாது. அடியின் வேகத்தை அடக்கச் சொல்லும் கோச் இல்லாத இடத்தில் எந்தக் கையுறையும் உதவாது.

எம்.எம்.ஏ. குத்துச்சண்டையை விட ஆபத்தானதா? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் போட்டி முடிந்ததும் எடுத்த மருத்துவப் பரிசோதனைகளை அலசி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு காயம்பட்டவர்கள் எம்.எம்.ஏ.வில்தான் அதிகம். ஆனால் நினைவிழந்தவர்கள் குத்துச்சண்டையில் 7.1 சதவீதம், எம்.எம்.ஏ.வில் 4.2 சதவீதம். கிழிந்த புருவம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தையல் போட்டால் ஆறிவிடும். மூளை அப்படி இல்லை. அதற்காக 4.2 சின்ன எண் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது, சண்டை நடக்கும் கூண்டுக்கு வெளியே நடக்கும் வெயிட் கட், அதாவது போட்டிக்காக அவசரமாக எடை குறைப்பது. எடை பார்க்கும் நாளுக்குள் உடம்பின் நீரை வற்ற வைக்கிறார்கள். சீன வீரர் யாங் ஜியான் பிங், 2015 டிசம்பரில் மணிலா போட்டிக்காக எடை குறைக்கும்போது உயிரிழந்தார். வயது 21. அதன்பிறகு அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம், நீரை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடைசெய்து, உடம்பில் நீர் போதுமான அளவு இருக்கிறதா என்று பரிசோதிக்கத் தொடங்கியது. வியர்க்க வைத்து எடை குறைக்கப் போடும் வியர்வை சூட் எங்கள் கடையில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். தயவுசெய்து வரவழைத்துத் தரச் சொல்லாதீர்கள்.

அடுத்த கேள்வி, "இது நிஜச் சண்டையா, செட்டப்பா?" டிவி மல்யுத்தமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் முடிவு முன்பே எழுதப்பட்டது. எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி.யில் அப்படி இல்லை. 2023-இல் இரண்டும் டி.கே.ஓ. என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்ததால் குழப்பம் கூடியிருக்கிறது. 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் எடைப்பிரிவே கிடையாது. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவல் சண்டை என்று சாடினார். பல மாகாணங்கள் தடை போட்டன. நியூ ஜெர்சியில் 2001-இல் பொது விதிகள் வகுக்கப்பட்டபிறகுதான் நிலைமை மாறியது. நியூயார்க் 2016-இல்தான் அனுமதித்தது. இன்று அங்கே மாகாண ஆணையம் உரிமம் தருகிறது, நடுவரை நியமிக்கிறது, நாக் அவுட் ஆனவரைக் குறிப்பிட்ட காலம் போட்டியிட விடுவதில்லை. உங்கள் ஊர்ப் போட்டியில் இப்படி ஒரு அமைப்பும் கூண்டருகே ஒரு டாக்டரும் உண்டா என்று விசாரித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.

கடைசியாகக் காசு. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களிடம் நாங்கள் கொஞ்சம் கறாராகவே பேசுகிறோம். கூடைப்பந்தின் என்.பி.ஏ.வில் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி வீரர்களுக்குப் போகிறது. யு.எஃப்.சி.யில் வழக்கு ஆவணங்கள்வழி வெளிவந்த கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. புதியவர்களுக்குக் களமிறங்க ஒரு தொகை, ஜெயித்தால் இன்னொரு தொகை என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். தோற்றால் பாதிப் பணம் போச்சு. மிஞ்சியதில் கோச், மேனேஜர், வரி. இவர்கள் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். சம்பளம் பேசத் தொழிற்சங்கமும் இல்லை. குத்துச்சண்டை வீரர்களுக்காக அமெரிக்கா 2000-இல் கொண்டுவந்த முகமது அலி சட்டமும் இவர்களுக்குப் பொருந்தாது. வீரர்கள் 2014-இல் தொடுத்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிய 2025 ஆகிவிட்டது. உச்சத்தில் இருப்பவர்கள் கோடிகளில் சம்பாதிப்பது உண்மைதான். அவர்களை வைத்து உங்கள் வீட்டு பட்ஜெட்டைப் போடாதீர்கள்.

போட்டிக்குத் தயார் என்று உங்கள் கோச் சொன்னதும் வாருங்கள், உள்ளங்கைச் சுற்றளவு எடுத்து 4 அவுன்ஸ் தருகிறோம். அதுவரை முதலில் வாங்க வேண்டியது பல்லைக் காக்கும் மவுத் கார்டு. வெந்நீரில் இளக்கி, கடித்துப் படிய வைத்தபின் வாயைத் திறந்து பாருங்கள். கழன்று விழுந்தால் மறுபடி இளக்குங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் கொண்டுவாருங்கள், வேறு அளவு மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்