நான்கு வார கிளினிக்கும் ஒரு கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் மேற்படிப்புப் பயிற்சி) சேர நினைக்கும் இளம் மருத்துவர்களுக்கான கட்டுரைகள் பெரும்பாலும் யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வோடு நின்றுவிடுகின்றன. அதில் நோயாளியைப் பரிசோதிக்கும் திறனைச் சோதித்த ஸ்டெப் 2 சி.எஸ். 2021-ல் கைவிடப்பட்டது. முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா தோல்வியா என்பது மட்டும்தான். ஆகவே அமெரிக்க மருத்துவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்துக்கு மவுசு கூடிவிட்டது. ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 'மேட்ச்' முறையில், 2025-ல் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் ஏறக்குறைய 58 சதவீதம் பேருக்கே இடம் கிடைத்தது. மீதிப் பேரின் பதற்றத்தை வைத்து ஒரு வியாபாரமே நடக்கிறது. தனியார் கிளினிக்கில் நான்கு வார 'இன்டர்னல் மெடிசின் ரொட்டேஷன்' (பெரியவர்களுக்கான பொது மருத்துவத்தில் குறுகிய காலப் பயிற்சி), கட்டணம் டாலரில், முன்பணம் திரும்பாது. இதில் சேரலாமா, சேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பம். எலெக்டிவ் என்பது பட்டம் பெறாத மாணவருக்கானது. மேற்பார்வையில் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கலாம். ஹவுஸ் சர்ஜன் காலத்தைச் சில அமெரிக்கக் கல்லூரிகள் மாணவப் பருவமாக ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. பட்டம் வாங்கிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு கிடைப்பது எக்ஸ்டர்ன்ஷிப் அல்லது அப்சர்வர்ஷிப். முன்னதில் நோயாளியைத் தொடலாம், பின்னதில் பார்க்க மட்டுமே. சிக்கல் என்னவென்றால், விளம்பரத்தில் எக்ஸ்டர்ன்ஷிப் என்று இருக்கும், கிளினிக்குக்குள் போனால் சுவரோரம் நிற்கவைப்பார்கள். அல்லது அதைவிட மோசமாக, லைசென்சும் காப்பீடும் இல்லாதவரை நோயாளியிடம் தனியே அனுப்புவார்கள். ஏதாவது தவறு நடந்தால் மாட்டிக்கொள்வது யார் என்று சொல்லத் தேவையில்லை. பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறுக்கான) காப்பீடு யார் பெயரில்? ஒரே நேரத்தில் எத்தனை பேர் சேர்க்கப்படுகிறார்கள்? நாள் முழுதும் உடன் இருப்பது போர்டு சான்று (துறைத் தேர்வில் தேறிய சான்று) பெற்ற மருத்துவரா, நர்ஸ் பிராக்டிஷனரா (சிகிச்சை தரும் தகுதி பெற்ற செவிலியர்)? அவர் ஏதாவது ரெசிடென்சி திட்டத்தில் பாடம் எடுக்கிறாரா? வாரத்தில் ஒரு நாளாவது மருத்துவமனை ரவுண்ட்ஸுக்குக் கூட்டிப்போவாரா? 'கடிதம் நிச்சயம்' என்ற உத்தரவாதம் வந்தால் உஷாராகுங்கள். பார்ப்பதற்கு முன்பே உறுதியாகிவிட்ட கடிதத்தில் என்ன இருக்கும்? பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் தரும் அச்சுக் கடிதத்தை, நூற்றுக்கணக்கில் படிக்கும் தேர்வுக் குழு இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடும்.

புறநோயாளிப் பிரிவு அனுபவம் மட்டமானது என்று சொல்பவர்களோடு நாங்கள் ஒத்துப்போகவில்லை. வார்டு அனுபவத்தைக் கேட்கும் திட்டங்கள் உண்டு, போதனா மருத்துவமனைக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் என்பதும் உண்மை. ஆனால் மூன்று வருட ரெசிடென்சி முழுக்கத் தொடர் கிளினிக் உண்டு. பல இடங்களில் நான்கு வாரம் வார்டு, ஒரு வாரம் கிளினிக் என்ற சுழற்சிதான். நம் ஓ.பி.யில் பழகியவர்கள் தடுமாறுவதும் அந்த ஒரு வாரத்தில்தான். இணையவழி ரொட்டேஷனைப் பற்றி அதிகம் பேச வேண்டாம், பல திட்டங்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

தடுமாற்றம் எங்கே வருகிறது என்று ஒரு உதாரணத்தில் பாருங்கள். 58 வயதுப் பெண், டயாபடீஸ், பி.பி. மூன்று மாத ஃபாலோ அப். மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஏ1சி 7.4-லிருந்து 8.6 ஆகிவிட்டது. மருந்துப் பட்டியலில் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 1000 மி.கி., இரண்டு வேளை. நன்றாகப் படித்த நம் பட்டதாரி உடனே இரண்டாவது மருந்தின் பெயரைச் சொல்வார். அட்டெண்டிங் (பொறுப்பு மூத்த மருத்துவர்) கேட்பது வேறு: "மாத்திரையைச் சாப்பிடுகிறாரா?" நோயாளி கொண்டுவந்த டப்பாவின் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அதில் நிரப்பிய தேதி இருக்கும், எண்ணிக்கை இருக்கும். 60 மாத்திரை, நான்கு மாதத்துக்கு முன் வாங்கியது, பாதி இன்னும் உள்ளே. காரணம் வயிற்றுப்போக்காக இருக்கலாம், அப்படியானால் மெதுவாகக் கரையும் எக்ஸ்டெண்டட் ரிலீஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். காப்பீடு போக நோயாளி தர வேண்டிய கோ-பேயைக் கட்ட முடியாததாகவும் இருக்கலாம், அதற்கு வழியே வேறு. அதற்குப் பிறகுதான் மற்றவை: சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர்., சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம், வருடாந்திரக் கண் பரிசோதனை, பாதம், இந்த வயதில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்து இருக்கிறதா என்பது. இதையெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். வந்த காரணம், மாறியிருப்பது என்ன, உங்கள் கணிப்பு, அடுத்து செய்ய வேண்டியது என்ற வரிசையில். குடும்ப வரலாற்றில் தொடங்கிக் கால் விரல் வரை ஒப்பிப்பது தேர்வுக்கு உதவும். ஒரு நோயாளிக்கு 15, 20 நிமிடமே ஒதுக்கும் கிளினிக்கில் அது எரிச்சலைத்தான் கிளப்பும்.

தடுப்புப் பரிசோதனை இன்னொரு ஓட்டை. குடல் புற்றுநோய்ச் சோதனை 45 வயதில் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான மாமோகிராம் பெண்களுக்கு 40 முதல் 74 வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 50 முதல் 80 வயதுக்குள், 20 பேக்-இயர் (தினசரி பாக்கெட் எண்ணிக்கையை வருடங்களால் பெருக்கியது) புகைத்து, இன்னமும் புகைப்பவருக்கோ விட்டு 15 வருடம் ஆகாதவருக்கோ நுரையீரல் புற்றுநோய்ச் சோதனையாக லோ டோஸ் (குறைந்த கதிர்வீச்சு) சி.டி. அதனால்தான் 'புகைப்பார்' என்று மட்டும் எழுதினால் அங்கே வேலைக்காகாது. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட், எத்தனை வருடம், எப்போது விட்டார் என்பது வேண்டும். ஜுரத்துக்கு வந்தவரிடம் கொலோனோஸ்கோபி பற்றிக் கேட்பது முதல் வாரம் விசித்திரமாகத் தெரியும். மூன்றாவது வாரத்தில் நீங்களாகவே கேட்டால், அது கடிதத்தில் ஏறும்.

அப்சர்வராக இருந்தால் எல்லைகளை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவர் உடன் இருக்கும்போது நோயாளியிடம் பேசலாமா? கணினிப் பதிவைப் பார்க்கலாமா? பெரும்பாலும் லாகின் தர மாட்டார்கள். திரையை போனில் படம் பிடிப்பது நோயாளி விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டத்தை மீறுவது, அதோடு ரொட்டேஷன் முடிந்தது. குறிப்பெடுக்கும் தாளில் பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம், மாலையில் ஷ்ரெடரில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். தமிழ் பேசும் முதியவர் வந்தால்கூட நீங்களாக மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள், அதற்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடு இருக்கும்.

காகித வேலையில் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் காசநோய்ப் பரிசோதனை. பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை பொய்யாக பாசிட்டிவ் காட்டக்கூடும். அதனால் குவாண்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனையை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி டைட்டர் குறைவாக வந்து மறுபடி ஊசித் தொடர் போட வேண்டியிருந்தால் மாதங்கள் ஓடிவிடும், எனவே அதை முதலில் முடியுங்கள். விசா நேர்காணலில் சுற்றுலா என்று சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போவது வேண்டவே வேண்டாம். ஊதியம் இல்லை, நோயாளியைத் தொடும் வேலை இல்லை என்று தெளிவாக எழுதிய அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்து உள்ளதைச் சொல்லுங்கள். விருந்தினர் விசாவில் வந்தவரிடம் நேரடிச் சிகிச்சை வேலை வாங்குவதாகச் சொல்லும் இடத்தைத் தவிர்ப்பதே நல்லது.

இராஸ் (ரெசிடென்சிக்கான இணைய விண்ணப்பத் தளம்) வழியே வரும் விண்ணப்பங்களைத் திட்டங்கள் செப்டம்பர் கடைசியில் பார்க்கத் தொடங்கும். ஆகஸ்ட் கடைசியில் ரொட்டேஷனை முடித்துவிட்டு 'சீக்கிரம் கடிதம் வேண்டும்' என்று நச்சரிப்பதைவிட, மே, ஜூனில் முடிப்பது உத்தமம். மூன்றாவது வாரத் தொடக்கத்தில், "எனக்காக வலுவான கடிதம் எழுத முடியுமா?" என்று நேரில் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள், அரைமனதுக் கடிதம் இல்லாமல் இருப்பதே மேல். ஒப்புக்கொண்டால் சி.வி.யோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். எந்த நாள், எந்த மாதிரி நோயாளி, நீங்கள் சொன்னது என்ன, அவர் திருத்தியது என்ன, அடுத்த முறை நீங்கள் என்ன மாற்றிச் செய்தீர்கள் என்பது மட்டும், நோயாளி அடையாளம் இல்லாமல். கடிதத்தை மருத்துவர்தான் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அதற்கான லெட்டர் ஐ.டி.யோடு கூடிய படிவத்தை இராஸில் உருவாக்கி அவருக்கு அனுப்புவது உங்கள் வேலை. அதில் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். ஒரு திட்டத்துக்கு நான்கு கடிதங்கள் வரை இணைக்கலாம். ஏற்றிய பிறகு 'பெறப்பட்டது' என்ற நிலை தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் இல்லாமல் ஏற்றப்பட்ட கடிதங்களும் உண்டு, ஆகவே அவை இருக்க வேண்டும் என்பதைப் படிவம் அனுப்பும் மின்னஞ்சலிலேயே பணிவாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உள்மருத்துவத் துறை மருத்துவர்கள் சிலர்