எனக்க பேச்சு உங்களுக்குத் தமாஷா?

தமிழ்ப் படங்களுக்கும் இணையத் தொடர்களுக்கும் வசனம் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். சென்னைக்குப் படிக்க வந்த முதல் வாரம், மெஸ்ஸில் "எனக்க தட்டு எங்க?" என்று கேட்டேன். எங்கள் பேச்சில் "எனக்க" என்றால் "என்னுடைய". "நீ மலையாளியா?" என்றான் எதிரே இருந்தவன். அந்த லீவில் திருவனந்தபுரத்தில் பஸ் ஏறினால், என் பேச்சைக் கேட்டுவிட்டு, "பாண்டி" என்று பக்கத்து சீட்டில் முணுமுணுத்தார்கள்; தமிழர்களை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. இரண்டு இடத்திலும் நான் பேசியது ஒரே பேச்சுதான்.

அவர்களை விடுங்கள். உங்கள் கதையில் குமரிக்காரர் வந்தால் என்ன செய்கிறீர்கள்? "எந்தா சேட்டா" என்று பேச வைத்துச் சிரிப்பு மூட்டுகிறீர்கள். இல்லையென்றால் நெல்லையிலிருந்து நாலு "ஏலே"யைக் கடன் வாங்கி ஒட்டுகிறீர்கள். நெல்லைக்காரருக்கே அது பொறுக்காது.

எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே பேச்சு ஒன்றில்லை. தோவாளை, நாகர்கோவில் பக்கம் நாஞ்சில் நாட்டுத் தமிழ். தக்கலை தாண்டிக் களியக்காவிளை நோக்கிப் போகப் போக இழுப்பு மாறும். கடற்கரை ஊர்களில் அது வேறு தினுசு. சாரம் (லுங்கி), மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சக்கை (பலா), ஒறக்கம் (தூக்கம்), பறஞ்சான் (சொன்னான்) எல்லாம் எங்கள் வீட்டுப் புழக்கம். "பறஞ்சான்" மலையாளம் என்பீர்கள். நல்ல தமிழ் அகராதி ஒன்றைத் திறந்து "பறைதல்" என்ற சொல்லைப் பாருங்கள்.

மலையாளம் எங்களுக்கு அந்நியம் என்று நான் சொல்ல வரவில்லை. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். எனக்க பாட்டா (தாத்தா) பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டுப் பழைய சொத்துப் பத்திரமும் மலையாளத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறைதான், தமிழ்நாட்டோடு சேரப் போராடிய தலைவர் நேசமணியின் பின்னால் தமிழுக்காக நின்றது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டுச் செத்தவர்கள் எங்கள் ஆட்கள். அப்புறம்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரள அரசின் கையில் இருக்கிறது. நவராத்திரிக்கு எங்கள் சாமிகள் திருவனந்தபுரம் போய்த் திரும்புகின்றன. ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. இதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். அந்த அதங்கோடு எங்கள் மார்த்தாண்டம் பக்கம்தான் இருக்கிறது என்பது ஊருக்குள் எல்லோருக்கும் பெருமை. அந்த ஆசானே இன்று ஆடிஷனுக்கு வந்தாலும் "மலையாள வாடை அடிக்குது" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள்! தமிழ் சினிமாவுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. எழுதிய வசனத்தை எங்கள் ஊர் ஆள் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். டப்பிங்குக்கு முன்னால் ஒரு நாள் போதும். அப்புறம், இந்தப் பேச்சை ஒரு டாக்டர் பேசட்டும், ஒரு வக்கீல் பேசட்டும். "எனக்க பிள்ள" என்று ஒரு தாய் அழும்போது தியேட்டரில் யாரும் சிரிக்காமல் இருக்கட்டும்.

போன வாரம் ஒரு தொடரை எங்க அம்மா பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இவியளுக்கு நம்ம ஊருல ஒரு ஆளக்கூடத் தெரியாதா மக்ளே?"

இப்படிக்கு,
விளவங்கோடு தாலுகாக்காரன் ஒருவன்