'ரன்' என்றால் ஓட்டம் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, சளி பிடித்த சிறுவனைப் பற்றிய ஆங்கில வாக்கியத்தை 'அவன் மூக்கு ஓடுகிறது' என்று மொழிபெயர்த்திருந்தாள். அவள்மீது தவறில்லை, அவளிடமிருந்த ஆங்கில–தமிழ்க் கையேட்டில் 'ரன்' என்பதற்கு 'ஓடு' என்ற ஒரே பொருள்தான் போட்டிருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதை முந்தி, வினையாக மட்டும் 645 பொருள்களைப் பெற்றதாக 2011இல் செய்தி வந்தது. தமிழில் மூக்கு ஒழுகும், சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும், கடையை நடத்துவோம். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் 'ரன்' ஒன்றே போதும். தேர்தலில் அமெரிக்கர் 'ஓடுகிறார்'; பிரிட்டனில் நம்மைப் போலவே 'நிற்கிறார்கள்'.

நம் 'ஓடு' என்பதும் எளிய சொல் அன்று. பேருந்தும் கடிகாரமும் நூறு நாள் படமும் இரு மொழியிலும் ஓடுகின்றன என்றாலும், கவலையில் 'கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை' என்று நாம் சொல்லும்போது அங்கே 'ரன்' பொருந்தாது.

ஆகவே, இத்தகைய கையேடுகளை வெளியிடுவோர் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமாவது சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வழியே வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை