மலரின் ரிப்போர்ட்டும் உன் பயமும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள ருக்மணிக்கு,

இங்கு அனைவரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு நீ திட்டப்போவதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். முதலில் செய்தியைக் கேள். நம் மலர் கருவுற்றிருக்கிறாள், 14ஆவது வாரம் நடக்கிறது.

அவளுக்கு லூபஸ், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய், இருப்பது உனக்குத் தெரியும். வெயில் பட்டாலே கழுத்தும் கைகளும் சிவந்து தடித்ததை அவள் மாமியார் கரப்பான் என்று சொல்லி மஞ்சள் பூசிக்கொண்டிருந்ததும் நினைவிருக்கும். அந்த வெயில் தடிப்போடு அடிக்கடி சேர்ந்து காணப்படுவது, ரத்தத்தில் உருவாகித் தன் உடலையே குறிவைக்கும் ஆன்டி-ரோ என்னும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). மலருக்கும் அது இருக்கிறது, இப்போது என் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து அது குழந்தைக்குப் போகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குத் தோலில் தடிப்பு வந்து, தாய்வழி வந்த எதிர்ப்பொருள் தீர்ந்ததும் சில மாதங்களில் மறைந்துவிடும். ஆனால் நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில், இதயத் துடிப்பைக் கடத்தும் திசுவையே அது தாக்குகிறது. துடிப்பு கடக்கும் வழி முழுதும் அடைபட்டுவிட்டால் அது மீண்டும் சரியாவதில்லை, பிறந்தபின் இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவி வைக்க நேரலாம். மற்ற தொண்ணூற்றெட்டுக் குழந்தைகளை விட்டுவிட்டு அந்த இரண்டையே எண்ணிக்கொண்டிருக்கும் மனத்தை என்ன செய்வது, சொல்.

லூபஸுக்காக அவள் சாப்பிடும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதால் பிரசவம் வரை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று சம்பந்தியம்மாள் தொடங்கினார். நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு எழும், அதுதான் பிள்ளைக்குக் கேடு என்று நானும் விடவில்லை. அன்று இரு வீட்டிலும் சாப்பாடு ருசிக்கவில்லை.

ரோவின் அளவை மாதந்தோறும் பார்க்கலாமே என்று கேட்டேன். நோய் ஏறுவதையும் இறங்குவதையும் அது காட்டாதாம். திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியவை ஆன்டி-டிஎஸ்டிஎன்ஏ என்னும் இன்னோர் எதிர்ப்பொருள், சி3, சி4 என்னும் ரத்தப் புரதங்கள், சிறுநீரில் புரதம் ஆகியவை. முதலாவது உயர்ந்து சி3, சி4 குறைந்தால் சிறுநீரகத்தின்மேல் கண் வைக்க வேண்டும். மலருக்கு அவை இப்போது சரியாகவே இருக்கின்றன. ரத்தக்கட்டுக்கும் கருச்சிதைவுக்கும் வழிசெய்யும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்களும் இல்லை.

இனி உன் கதை. செல்லின் உட்கருவைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. 1:80 என்று வந்ததும் உயில் எழுதும் அளவுக்குப் போய்விட்டாயே! லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நோயே இல்லாதவர்களிலும் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அந்த அளவில் அது வரும். யாரை லூபஸ் நோயாளியாகக் கணக்கிடுவது என்பதற்காக 2019இல் வந்த வகைப்பாட்டு விதிகளில்கூட ஏ.என்.ஏ. வாசலைத் திறக்கிறதே தவிர மதிப்பெண் எதுவும் பெறுவதில்லை. அறிகுறி ஒன்றாவது இருந்தே தீர வேண்டும். மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கும் உன் முழங்காலை அதில் சேர்க்காதே. கணக்கு வாத்தியாரிடம் விடையைப் பார்த்துக் கணக்குப் போட்ட புத்தி உன்னை விட்டுப் போகவில்லை. அதற்காக அலட்சியமாகவும் இருந்துவிடாதே, ருக்கு: வாய்ப்புண், முடி கொட்டுதல், காலையில் மூட்டு வீக்கம், சிறுநீரில் நுரை என்று எது வந்தாலும் தள்ளிப்போடக்கூடாது.

16ஆவது வாரத்திலிருந்து 26ஆவது வாரம் வரை குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வரும் நாள்களில் உன் வீட்டில்தான் தங்குவோம். நாங்கள் வருவதற்குள் சிறுநீர்ப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை எடுத்து வை.

அன்புடன்,
சரசு