மாஸ்கோ ரயில்வே கேட்டில் வழிகாட்டிய பெரியவருக்கு நன்றி

இந்த மாஸ்கோ, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள சிற்றூர். ஸ்க்ரான்டனிலிருந்து போகோனோ மலை மேலுள்ள மாவு ஆலைக்குக் கோதுமை வேகன்கள் இந்த வழியாகத்தான் ஏறும். இழுப்பவை ஆல்கோ என்ற அமெரிக்க நிறுவனம் செய்த பழைய டீசல் எஞ்சின்கள். அவற்றைச் செய்த தொழிற்சாலையையே 1969-இல் மூடிவிட்டார்கள். டெலவேர்-லாக்கவானா என்ற சின்ன ரயில் நிறுவனம் அந்த எஞ்சின்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஈரோட்டிலும் பொன்மலையிலும் இருந்த டபிள்யூடிஎம்-2 எஞ்சின்களும் ஆல்கோ வடிவமைப்புதான். அந்தச் சத்தத்துக்காகவே கேமராவோடு போயிருந்தேன்.

ஐயா, உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. வெயில் முதுகில் படும் பக்கம் என்னை அழைத்துப் போனீர்கள். "த்ராட்டிலைத் திறந்ததும் டீசல் உடனே பாய்ந்துவிடும், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ வேகமெடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அந்த இடைவெளியில்தான் கரும்புகை, அப்போது எடு" என்றீர்கள். அப்படியே எடுத்தேன். புகை நெட்டுக்குத்தாக எழும்பி நிற்க, கீழே எஞ்சின் மூக்கில் ஒட்டியிருந்த கோதுமைத் தூசு வரை படத்தில் தெரிகிறது. எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் இதுதான். அப்புறம், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகாதே என்று அதட்டினீர்களே, அதற்கும் மனமார்ந்த நன்றி. படத்தைப் பிரேம் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பிரதி உங்களுக்கு.