டம்ளரும் சொம்பும்: 'பெங்கால்' கப்பல் கதைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவழியாகப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. 64 பக்கம்தான். அதற்கு இரண்டு வருஷமா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்காமல் கூட நின்ற சிலருக்குத்தான் இந்த மடல்.

கடற்படையில் 15 வருஷம் சிக்னல்காரனாக இருந்தவன் நான். அங்கே இளசுகளுக்குச் சொல்லும் கதைகளில் ஒன்று எச்.எம்.ஐ.எஸ். பெங்கால். சிட்னியில் காக்கட்டூ தீவில், பிரிட்டிஷ் காலத்து ராயல் இந்தியக் கடற்படைக்காகக் கட்டிய கண்ணிவெடி அகற்றும் கப்பல். நீளம் 57 மீட்டர். 1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்தது. நம் பக்கம் வரும் வழியில், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகத்திலிருந்து 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டியகோ கார்சியா தீவுக்குக் கிளம்பியது. நவம்பர் 11 அன்று நடுக்கடலில், பீரங்கி ஏற்றிய ஜப்பானிய வணிகக் கப்பல்களான 'ஹோகோகு மாரு', 'ஐகோகு மாரு' இரண்டும் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்காலின் கேப்டன் வில்சன், 'ஒண்டினா'வைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டுத் தன் கப்பலை நேரே எதிரி மேல் திருப்பினார்.

இதை 'வீரம்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அதன் கனம் என்ன என்று காட்டியவர் என்னோடு பணியாற்றிய, பீரங்கி சுடும் கன்னர் அண்ணன். டீக்கடை மேசையில் ஒரு காபி டம்ளரையும் சொம்பையும் பக்கத்தில் வைத்தார். "நம்ம குழாய் வாய் மூணு அங்குலம், இந்த டம்ளர். அவன் குழாய் அஞ்சரை, இந்தச் சொம்பு. நம்ம குண்டு அஞ்சரை கிலோ. அவன் குண்டு 38 கிலோ, ரொம்பின கேஸ் சிலிண்டரை விடக் கனம். இப்ப எழுதுடா." டீக்கடைக்காரர் சொம்பைத் திருப்பிக் கேட்கும் வரை பாடம் நடந்தது. அண்ணே, மூன்றாம் அத்தியாயம் உங்களுடையது.

மாதிரிக் கப்பல் செய்து கொடுத்த தச்சருக்கு நன்றியோடு மன்னிப்பும். அதே வகைக் கப்பல்களின் படங்களைக் கொடுத்து நாலங்குலப் பீரங்கி வைக்கச் சொன்னேன். பெங்காலுக்கு அது கிடைக்கவில்லை, அந்த மூணு அங்குலப் பீரங்கியான பன்னிரண்டு பவுண்டர்தான் கிடைத்தது என்று பிறகுதான் உறைத்தது. அவர் ஒரு வார்த்தை பேசாமல், ஒட்டிய பீரங்கியைப் பிளேடால் நெம்பி எடுத்து, சின்னதாக ஒன்று செதுக்கி வைத்தார். கூலி கூட்டிக் கேட்கவில்லை.

நெதர்லாந்தில் இருக்கும் என் அக்கா மருமகளுக்கு எப்படி நன்றி சொல்வது! டச்சுப் பதிவுகளை ராத்திரி போனில் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வருவாள், நான் எழுதிக்கொள்வேன். அவளால்தான் புத்தகம் தலைகீழானது. 'ஒண்டினா' தப்பிப் போகவில்லை. தன் ஒற்றைப் பீரங்கியால் சண்டையில் இறங்கியது. கையிருப்பு 32 குண்டு. 'ஹோகோகு மாரு'வின் டார்பிடோ (நீருக்குள் பாயும் வெடிகணை) குழாய்ப் பக்கம் அடிபட்டுத் தீப்பிடித்து, அது வெடித்து மூழ்கியது. அடித்தது யார் குண்டு? பெங்கால்காரர்கள் தங்களுடையது என்றார்கள், டச்சுக்காரர்கள் தங்களுடையது என்றார்கள். நான் வளர்ந்தது முதல் கதையில். இப்போது 'ஒண்டினா'வின் குண்டுதான் என்றே எனக்குப் படுகிறது.

குண்டு தீரும் நிலையில் பெங்கால் விலகிப் போனது. 'ஒண்டினா'வின் கேப்டன் ஹோர்ஸ்மன் இறந்தார். ஆட்கள் படகில் இறங்க, ஐகோகு மாரு அந்தப் படகுகள் மேல் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டது. டார்பிடோவும் விட்டது. ஆனால் காலித் தொட்டிகளோடு போன கப்பல் மூழ்கவில்லை. பிழைத்தவர்கள் திரும்ப ஏறித் தீயை அணைத்து, ஃப்ரீமாண்டிலுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். பெங்கால் டியகோ கார்சியா சேர்ந்தது. 'ஒண்டினா' முழுகிவிட்டது என்றே பெங்கால்காரர்கள் நினைத்திருந்தார்கள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது போனில் அவள் குரல் நின்று நின்று வந்தது.

"தனியொரு கப்பலாய் எதிரியைக் கடலடிக்கு அனுப்பினோம்" என்று முதல் படியில் ஒரு பத்தி வைத்திருந்தேன். மெய்ப்புப் பார்த்த தலைமையாசிரியை அம்மா அதன் மேல் சிவப்பில் குறுக்கே ஒரே கோடு போட்டு, ஓரத்தில் "யார் சொன்னது?" என்று எழுதினார். இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் பத்தியை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு வில்சன் கப்பலைத் திருப்பிய அந்த நிமிஷம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது, அம்மா.

போர் முடியும்வரை செய்த துணைப் பயணங்கள், சுதந்திரத்துக்குப் பின் ஐ.என்.எஸ். பெங்காலாக இருந்தது, 1960இல் உடைத்தது எல்லாம் கடைசி எட்டுப் பக்கத்தில் அடங்கிவிட்டன. ஒரு அச்சகத்தில் அட்டையில் வேறொரு கப்பலின் படத்தைப் போட்டுவிட்டார்கள். இரவோடு இரவாக 200 அட்டையைக் கிழித்து மாற்றிய பிள்ளைகளுக்கும் நன்றி. பசை காயும்வரை வரிசையாக டிபன் அனுப்பிக்கொண்டிருந்த என் வீட்டம்மாவுக்கும்.

எல்லோருக்கும் இரண்டிரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள். கன்னர் அண்ணன் மட்டும் வரும்போது டீக்கடைச் சொம்பை வாங்கி வரட்டும். தலைமையாசிரியை அம்மா அந்தப் பாடத்தை இன்னும் பார்க்கவில்லை.