ரெக்கார்டில் பழுதில்லை: ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வாங்கியவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் குழுவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ எல்பி (பெரிய இசைத்தட்டு) வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தீர்கள். மூவரும் சொன்ன குறை ஒன்றுதான்: மற்ற ரெக்கார்டுகளைவிட இதில் சத்தம் கம்மி. முதலில் வந்தவருக்கு மறுபேச்சில்லாமல் வேறு தட்டு மாற்றிக் கொடுத்தோம். மறுநாளே போன் செய்தார், அதுவும் அப்படித்தான் பாடுகிறதாம். அப்போதே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். மூன்றாமவர் வந்த பிறகுதான் கடை பிளேயரில் போட்டு, உட்கார்ந்து முழுசாகக் கேட்டோம். தட்டில் பழுதில்லை. ஒரு எல்பி தாங்குவதற்கு அந்த ஆல்பம் கொஞ்சம் நீளம், அதுதான் விஷயம். வாயால் இப்படிச் சொல்லி அனுப்பினால் தட்டிக்கழிப்பதாகத் தோன்றும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

1985 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை கோபன்ஹேகனில் உள்ள ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில், தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசெனை வைத்துக்கொண்டு பதிவு செய்த ஆல்பம் இது. 1986 மார்ச் 3 அன்று எலெக்ட்ரா கம்பெனி வெளியிட்டது. எட்டே பாட்டுதான், ஆனால் அதில் மூன்று எட்டு நிமிடத்தைத் தாண்டும். மொத்தம் ஏறக்குறைய 55 நிமிடம். முதல் பக்கம் 27 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாம் பக்கம் 28-ஐத் தொடுகிறது. 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் என்றால்தான் தாராளமாக இருக்கும்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நிறையக் கோடுகள் மாதிரி தெரிந்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒரே கோடுதான், வெளி விளிம்பிலிருந்து உள்ளே சுருண்டு சுருண்டு போகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 28 நிமிடம் ஓட 930 சுற்று வேண்டும். அதற்குக் கிடைக்கும் அகலமோ எட்டரை சென்டிமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் பத்துப் பதினொரு சுற்றை அடக்கியாக வேண்டும். சத்தம் கூடக் கூட அந்தக் கோடு பக்கவாட்டில் அதிகமாக நெளியும், பேஸ் ஒலி (அடித்தொனி) இன்னும் அகலமாக நெளியும். பக்கத்துச் சுற்றில் போய் இடித்துவிட்டால் முள் தாவிவிடும். அதனால் தட்டை வெட்டும் இன்ஜினியர் மொத்தச் சத்தத்தையும் குறைத்துத்தான் வெட்டுவார். சிடிக்கோ போனில் கேட்பதற்கோ இந்தத் தொல்லை கிடையாது.

அதே 1986-இல், அக்டோபரில், ஸ்லேயர் என்ற இன்னொரு மெட்டல் குழுவின் ‘ரெய்ன் இன் பிளட்’ வந்தது. ரிக் ரூபின் தயாரித்தது. பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிடம். ஒரு பக்கத்துக்கு 500 சுற்றுகூட வேண்டாம், எனவே கோடு கைகாலை நீட்டிப் படுக்கலாம். (அந்த ஆல்பத்தின் கேசட்டில் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையே பதிந்தார்கள், அவ்வளவு இடம் மிச்சம்.) இரண்டையும் ஒன்றாக வாங்கிப் போய், அதைக் கேட்டுவிட்டு இதைப் போட்டால் இது ஈனசுரத்தில் பாடுவதாகத்தான் தோன்றும். திருப்பிக் கொண்டுவந்த மூவரில் இருவர் செய்தது அதைத்தான்.

வால்யூமைக் கூட்டினால் பாட்டு சரியாகிவிடும். கூடவே தூசிச் சத்தமும் கூடும், அதை மறைக்க மாட்டோம். முதல் பாட்டான ‘பேட்டரி’ மெல்லிய அக்கூஸ்டிக் கிதாரில் தொடங்குகிறது. அந்த முதல் அரை நிமிடத்தில் பொரிகிற சத்தம் கேட்டால், தட்டைத் துடைக்காமல் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் பக்கத்துப் பாட்டு ‘ஒரையன்’ இன்னும் மோசம். எங்கோ தொலைவிலிருந்து நடந்து வருவதுபோல பேஸ் கிதார் மெதுவாக எழும்பும். வாசிப்பவர் கிளிஃப் பர்ட்டன். இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தில், 1986 செப்டம்பர் 27 அன்று ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தபோது அவருக்கு வயது 24. அவர் வாசிக்கும் அந்த இடத்தில் ஒரு ‘டக்’ சத்தம் கேட்டால் எங்களுக்கும் வயிற்றெரிச்சல்தான்.

இன்னொரு சங்கடம், ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. தட்டின் வெளி விளிம்பில் முள்ளுக்கடியில் விநாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் கோடு ஓடுகிறது. உள்ளே லேபிள் பக்கம் வரும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் டிரம்ஸில் அடிக்கும் சிம்பல் தட்டின் ஓசையெல்லாம் கரகரக்கும். மெல்லிசைப் பாட்டை அங்கே வைத்தால் யாருக்கும் தெரியாது. இங்கே உட்கார்ந்திருப்பது ‘டேமேஜ், இங்க்.’, தலைதெறிக்க ஓடுகிற பாட்டு. முள் தேய்ந்திருந்தால் இந்தப் பாட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்குத் தீர்வு அப்போதே கண்டார்கள். 1987-இல் இங்கிலாந்தில் மியூசிக் ஃபார் நேஷன்ஸ் கம்பெனி இதையே 45 சுற்றில் ஓடும் இரட்டைத் தட்டாகப் போட்டது. நாலு பக்கம், பக்கத்துக்கு இரண்டு பாட்டு, 14 நிமிடம். முள் வேகமாக ஓடுகிறது, கோட்டுக்கும் இடம் கிடைக்கிறது. தட்டைத் திருப்பிப் போட எழுந்துகொண்டே இருக்க வேண்டும், அது வேறு கதை. 45 சுற்றுப் பிரதி கைக்கு வந்தால், கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் எங்கள் ஓட்டு அதற்குத்தான். 2017-இல் ரீமாஸ்டர் செய்து (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்து) வந்த 180 கிராம் பிரதி ஒற்றைத் தட்டுதான். ‘180 கிராம் ஆச்சே, சத்தம் நிறைய இருக்குமே’ என்று கேட்காதீர்கள். கனத்த தட்டு எளிதில் வளையாது. கோடு வெட்டும் ஆழத்துக்கும் கிராமுக்கும் சம்பந்தமில்லை.

சத்தம் கம்மியாக இருப்பதோடு பேஸே இல்லாமல் தகர டப்பா மாதிரி கேட்கிறதென்றால், அது வேறு கோளாறு. பிளேயர் வயரை ஆம்ப்ளிஃபையரில் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளையில் செருகாமல் ‘ஆக்ஸ்’-இல் செருகியிருப்பீர்கள். தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்துத்தான் வெட்டுகிறார்கள், அதைத் திரும்ப ஏற்றித் தருவது ஃபோனோ சர்க்யூட்டின் வேலை. ஃபோனோ துளையே இல்லாத ஆம்ப்ளிஃபையர் என்றால் தனியாக ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப் வாங்க வேண்டும்.

தட்டு வளைந்திருந்தாலோ, புதுத் தட்டில் ஒரே இடத்தில் முள் தாவினாலோ ஏழு நாளுக்குள் கொண்டுவாருங்கள், முன்போலவே மாற்றித் தருவோம். சத்தம் கம்மி என்பதற்கு மட்டும் இனி மாற்றித் தர இயலாது, கோபித்துக்கொள்ள வேண்டாம். சந்தேகம் தீரவில்லையென்றால் தட்டோடு உங்கள் பிளேயரின் ஹெட்ஷெல்லையும் (முள் மாட்டியிருக்கும் முனை) கழற்றி எடுத்து வாருங்கள். கடை பிளேயரில் மாட்டி, ‘டேமேஜ், இங்க்.’ போட்டுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று கூட்டம்.

இப்படிக்கு,
உங்கள் ரெக்கார்டு கடை